ஜாமீனும் விடுதலையும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அண்மையில் ‘மோசடி வழக்கில் கைதானவர் விடுதலை’ என்ற தலைப்பைப் பார்த்தேன். உள்ளே படித்தபோதுதான் அவருக்கு நிபந்தனை ஜாமீன் கிடைத்திருக்கிறது என்பது தெரிந்தது. அந்த வழக்கில் குற்றப்பத்திரிகைகூட இன்னும் தாக்கலாகவில்லை. கீழமை நீதிமன்றங்களில் 28 ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். ஆங்கிலத்தில் தனித்தனிப் பொருளுடைய சட்டச் சொற்கள் பல, தமிழ்ச் செய்திக்கு வரும்போது ‘விடுதலை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவது என்னை நெடுநாளாக வருத்துகிறது.

பெயில், பரோல் ஆகிய இரண்டையும் முதலில் சொல்கிறேன். விசாரணையோ மேல்முறையீடோ முடியாத நிலையில், அழைக்கும் நாளில் வந்து நிற்பதாகப் பிணை எழுதிக்கொடுத்து வெளியே இருப்பது ஜாமீன். தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவருக்கு, குடும்பத்தில் சாவு, திருமணம் போன்ற காரணங்களுக்காக அரசோ சிறைத்துறையோ சில நாட்கள் வெளியே போய்வர அளிக்கும் அனுமதி பரோல். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இதை விடுப்பு என்றே குறிப்பிடுகின்றன. சாதாரண விடுப்பு, அவசரகால விடுப்பு என்று அதில் இரு வகை உண்டு. ஆகவே, தாயின் இறுதிச் சடங்குக்காக நீதிமன்றம் வெளியே அனுப்பிய விசாரணைக் கைதியைப் ‘பரோலில் வந்தார்’ என்று எழுதினால், தீர்ப்பு வராத ஒருவரைத் தண்டனைக் கைதியாக்கிவிடுகிறோம். அவர் பெற்றது இடைக்கால ஜாமீன்.

இதைவிட அதிகமாகக் குழப்பப்படுபவை டிஸ்சார்ஜ், அக்விட்டல் என்னும் சொற்கள். காவல்துறை தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்த்த நீதிபதி, வழக்கை நடத்தவே போதிய முகாந்திரம் இல்லை என்று கருதினால், குற்றச்சாட்டை முறைப்படி பதிவு செய்வதற்கு (வனைவதற்கு) முன்பே அந்த நபரை வழக்கிலிருந்து விடுவிக்கிறார், இது டிஸ்சார்ஜ். சாட்சிகளை விசாரித்து, குறுக்கு விசாரணை முடிந்து, இரு தரப்பு வாதங்களையும் கேட்ட பிறகு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளிப்பது அக்விட்டல். தீர்ப்பில் விடுதலையானவரை, அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை, அதே குற்றத்துக்காக மறுபடியும் விசாரிக்க முடியாது. ஆனால் டிஸ்சார்ஜ் செய்யப்பட்டவர்மீது பின்னர் புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு மீண்டும் வரக்கூடும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300ஆவது பிரிவு, டிஸ்சார்ஜ் என்பது அக்விட்டல் ஆகாது என்று விளக்கமாகவே சொன்னது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337ஆவது பிரிவிலும் அதுவே தொடர்கிறது. மருத்துவமனையிலிருந்து ‘டிஸ்சார்ஜ்’ ஆகி வீடு திரும்புபவர் முழுவதும் குணமானவர் என்று நாம் எண்ணிக்கொள்வதில்லை. நீதிமன்றச் செய்தியில் மட்டும் அந்த எச்சரிக்கை ஏனோ நமக்கு இருப்பதில்லை. டிஸ்சார்ஜை ‘விடுவிப்பு’ என்றும் அக்விட்டலை ‘விடுதலை’ என்றும் நாங்கள் நீதிமன்றத்தில் பிரித்து எழுதி வந்தோம்.

இந்தச் சொற்களில் பலவும் ஒரே மனிதரின் வழக்கில் அடுத்தடுத்து வந்ததை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற பேரறிவாளனுக்கு, கருணை மனுமீது முடிவெடுப்பதில் ஏற்பட்ட நெடிய தாமதத்தைக் காரணம் காட்டி, 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக மாற்றியது. அது கம்யூட்டேஷன், தண்டனையின் வகையே மாறியது. 2017 ஆகஸ்டில் நோயுற்ற தந்தையைப் பார்க்க வந்தது பரோல். 2022 மார்ச் 9 அன்று கிடைத்தது ஜாமீன். அதே ஆண்டு மே 18 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவின்படி, அவர் தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இவற்றுள் எதுவும் அக்விட்டல் அன்று. ஆயினும், ‘நிரபராதி என்று தீர்ப்பு வந்துவிட்டதா?’ என்று அன்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர் வெளியே வந்ததை வரவேற்றவர்களும் எதிர்த்தவர்களும் ‘விடுதலை’ என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே வாதிட்டார்கள்.

ரெமிஷன் என்ற சொல்லும் இங்கே கவனிக்கத்தக்கது. தண்டனையின் வகை மாறாமல் காலம் மட்டும் குறைவது அது. தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி நீண்டகாலக் கைதிகளை முன்கூட்டியே அனுப்புவது இந்த வகையில் அடங்கும். அதைப் ‘பொது மன்னிப்பு’ என்று எழுதுவது, குற்றமே மன்னிக்கப்பட்டதாகப் பொருள்பட்டுவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஊரில், அடிதடி வழக்கொன்றில் ஜாமீன் பெற்ற கூலித் தொழிலாளி ஒருவர், ‘விடுதலை’ என்று செய்தித்தாளில் தம் பெயரோடு வந்ததை யாரோ படித்துக் காட்ட, வழக்கு முடிந்துவிட்டது என்று நம்பி வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். வாய்தாவுக்கு வராததால் பிடியாணை பிறந்தது. அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனருக்கு நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அந்த மைத்துனர் மடித்து வைத்திருந்த செய்தித் துண்டை என் மேசைமேல் விரித்து, ‘ஐயா, பேப்பர்லயே போட்டிருக்காங்களே’ என்று சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது. அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தலைப்புக்கு இடம் குறைவு என்பதை நான் அறிவேன். ‘ஜாமீன்’ என்பது ‘விடுதலை’யைவிட நீளமான சொல் அன்று. நீதிமன்றச் செய்தி எழுதும் தங்கள் நிருபர்களும், தலைப்பிடும் உதவி ஆசிரியர்களும் ஜாமீன், பரோல், விடுவிப்பு, விடுதலை, தண்டனை மாற்றம், தண்டனைக் குறைப்பு ஆகிய ஆறு சொற்களையும் அதனதன் இடத்தில் பயன்படுத்துமாறு தாங்கள் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
மதுரை.