கத்திரியில் செத்த வைப்பர்: வேலூர் வாடகைக் கார்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி ஸ்டாண்டுகளில் வண்டி போட்டிருக்கும் டிரைவர் அண்ணன்மார்களுக்கும், அந்த வண்டிகளின் ஓனர்களுக்கும் வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. இனி கார்த்திகை முடியும் வரை எந்தச் சாயங்காலம் மழை இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. சீட் கவர், ஹாரன் என்று எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம், "வைப்பரையும் மாத்திடலாமாண்ணா?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மழையே பேயலையே தம்பி, அது எங்க தேஞ்சிருக்கப் போவுது?" அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல். விற்கிறவன் விற்கத்தான் சொல்வான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, முழுசாகப் படித்துவிட்டு நினையுங்கள்.

நம் ஊரில் வைப்பரைக் கொல்வது வெயில். பிளேடில், அதாவது துடைக்கும் பட்டையில், கண்ணாடியில் படும் ரப்பர் நுனி மிக மெல்லியது. பிளேடைத் தாங்கும் இரும்புக் கையான ஆர்ம் இந்தப் பக்கம் போனால் நுனி அந்தப் பக்கம் சாயும், திரும்பி வரும்போது மறுபக்கம் புரளும். அப்படிப் புரள்கிற வரைக்கும்தான் தண்ணீரை வழிக்கும். கத்திரியில் 40 டிகிரி தாண்டிய வெயிலில், அதைவிடச் சூடேறிய கண்ணாடிமேல், பகல் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் நுனி அப்படியே இறுகிவிடும். முதல் மழையில் போட்டுப் பாருங்கள்: போகும்போது சுத்தமாகத் துடைக்கும், வரும்போது 'டர்ர்ர்' என்று துள்ளும். ஒரு சொட்டு மழையைக்கூடப் பார்க்காத பிளேடுக்கும் இதே கதிதான். மழை தப்பிய வருஷத்தில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பேன்.

எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, எடுக்க வரும்போதுதான் பலருக்கு வைப்பர் ஞாபகம் வருகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 101-ஆவது விதியே வைப்பருக்காக எழுதப்பட்டது. எஃப்சி சோதனைப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் எட்டு வருஷம் ஆகாத வாடகை வண்டிக்கு எஃப்சி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. நடுவில் இரண்டு கத்திரி போய்விடும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம், அதுதான் வைப்பர் பிளேடுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள். நம் ஊருக்கு வருஷம் ஒருமுறை, வெயில் தணிந்து மழை பிடிக்கும் முன் மாற்றினால் சரியாக இருக்கும். சித்திரையில் புதுசு போட்டால் அந்தப் புதுசும் வெயிலில் வெந்துதான் மழைக்கு வரும்.

நீங்கள் ஏற்றுவது யாரை என்பதையும் யோசியுங்கள். சிஎம்சி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ஊர் திரும்பும் கல்கத்தாக்காரர்களும் அசாம்காரர்களும் ராத்திரியில் சென்னை ஏர்போர்ட் போக உங்களைத்தான் நம்புகிறார்கள். ராணிப்பேட்டை, வாலாஜா தாண்டி என்எச் 48-இல் முன்னால் போகும் லாரி சேற்றுத் தண்ணீரை வாரி அடிக்கும்போது, இறுகிய வைப்பர் கண்ணாடியில் விட்டுவைக்கும் கோடுகளில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டுச் சிதறினால் ரோட்டில் ஒன்றும் தெரியாது.

மாட்டுவதில்தான் நிறைய சிக்கல். இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்று வாங்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் பக்கம் நீளம், இடது பக்கம் குட்டை. நீளத்தை இஞ்சில் சொன்னால் போதாது, ஆர்ம் நுனியில் யூ கொக்கியா, பட்டன் கிளிப்பா என்றும் பார்க்க வேண்டும். பழைய பிளேடைக் கையில் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்தது. பெட்டியோடு வரும் நாலைந்து பிளாஸ்டிக் அடாப்டர்களில் உங்கள் ஆர்முக்குப் பொருந்துவது ஒன்றுதான். அது 'டக்' என்று உட்கார வேண்டும். உட்காராமல் மாட்டினால் ஹைவேயில் பிளேடு பறந்துவிடும், அப்புறம் வெறும் இரும்பு ஆர்ம் கண்ணாடியில் அரைவட்டமாகக் கோடு போடும். அந்தக் கோடு எந்தப் பாலிஷிலும் முழுசாகப் போகாது. பிளேடைக் கழற்றும்போதும் கண்ணாடிமேல் மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். ஸ்பிரிங் இழுத்து ஆர்ம் சட்டென்று விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். புது மாடல்களில் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வேறு இருக்கிறது, கண்ணாடி மாற்றினால் அதையும் மறுபடி சரிபார்த்துச் செட் செய்ய வேண்டும்.

இப்போது வரும் சில வண்டிகளில் வைப்பர் பேனட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை அப்படியே தூக்கினால் ஆர்ம் பேனட் விளிம்பில் இடித்துப் பெயிண்ட் போகும். முதலில் சர்வீஸ் பொசிஷனுக்குக் கொண்டுவர வேண்டும். பல வண்டிகளில் இக்னிஷனை ஆஃப் செய்த சில நொடிக்குள் வைப்பர் லிவரைத் தட்டினால் ஆர்ம் நடுக் கண்ணாடிக்கு ஏறி நிற்கும். சிலவற்றில் டச் ஸ்கிரீனில் இருக்கும். வண்டிப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள், அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ம் தூக்கியிருக்கும்போது பேனட்டைத் திறக்க வேண்டாம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி கழுவும்போது ஈரத்துணியால் ரப்பர் நுனியை ஒருமுறை வழித்துவிடுங்கள், கறுப்பாக அழுக்கு வரும். மண்ணெண்ணெய், பெட்ரோல், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது. தூசி படிந்த கண்ணாடியில் தண்ணீர் அடிக்காமல் வைப்பர் போடக் கூடாது. நம் ஊர் கல்குவாரித் தூசி உப்புத்தாள் தேய்ப்பது போலத் தேய்த்துவிடும். வாஷர் தொட்டியில் போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து நாசில் அடைத்துக்கொள்ளும், கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளி விழும். கேன் தண்ணீர் ஊற்றி, அதோடு வாஷர் லிக்விட் கலந்தால் போதும். துணிக்குப் போடும் சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை. தானாக ஓடும் ரெயின் சென்சார் வைப்பர் இருந்தால், வாட்டர் வாஷுக்கு விடும் முன் ஆஃப் செய்துவிடுங்கள். துடைக்கும் பையன் விரல் அங்கேதான் இருக்கும்.

ஓனர்களிடம் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். டிரைவர் மாற்றாமல் ஓட்டுவதற்குச் சோம்பல் காரணமில்லை. "இதுக்கெல்லாம் காசு கேப்பியா?" என்று நீங்கள் கேட்பீர்களோ என்ற தயக்கம்தான். சாதாரண பிரேம் பிளேடு ஒரு ஜோடி, கால் டேங்க் டீசல் காசுகூட ஆகாது. பிரேம் நன்றாக இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம், அது இன்னும் குறைவு. இன்ஜின் ஆயில் கணக்கோடு வைப்பரையும் எழுதிவிடுங்கள், டிரைவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஆடிப் பதினெட்டுக்குள் வண்டியைக் காலையில் அனுப்பிவையுங்கள். மதியம் வந்தால் கண்ணாடியில் கை வைக்க முடியாது.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி ரோட்டில் வைப்பர் மாட்டும் தம்பி