இரண்டாவது அட்டை

மக்களே,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். பெரியப்பா மகன் வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான். அவன் கையில் ஏத்தங்காய் சிப்ஸ், நல்லமிளகு, இந்தக் கடிதம். போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "ம்" என்கிறாய், நானும் "ம்" என்கிறேன், வைத்துவிடுகிறோம்.

சாப்பிடுகிறாயா? இரவு டியூட்டி முடிந்து வந்து வெறும் கட்டன்சாயாவோடு படுத்துவிடாதே.

ஒரு வாரமாக மழை. அப்பா ரப்பர் பால் வெட்டப் போகவில்லை. ஈரப்பட்டையில் கத்தி வைத்தால் மரம் கெட்டுவிடும் என்று திண்ணையில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டே இருக்கிறார். மேல்புரையிடத்தில் நட்ட ரப்பர் தைகளுக்கு ஏழு வருடம் ஆகிறது, இந்த வருடம் வெட்டத் தொடங்கலாம். உன் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் நட்டவை அவை. சரி, அதை விடு.

அறுப்பின் பண்டிகைக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. உன் பேரில் ஏலத்தில் ஒரு வாழைக்குலை எடுத்தேன். நானும் அப்பாவும் எவ்வளவுதான் தின்பது? ஆனாலும் இருபத்திரண்டு வயதில் தனியாக விமானம் ஏறிப்போய் இரண்டு வீட்டுக் கடனையும் அடைத்தவள் என்று சபையில் உன்னைப் பற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு.

களியக்காவிளைச் சந்தையில் உன் மாமியாரைப் பார்த்தேன். "விசேஷம் ஒன்றும் உண்டோ?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். மலையாளத்தில் அது வெறும் நலம் விசாரிப்பாகவும் இருக்கும். 1956-இல் விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே தமிழ்நாட்டு, கேரள எல்லை போட்டவர்கள் இந்தச் சொல்லுக்கு நடுவிலும் ஒரு கோடு போட்டிருக்கலாம். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"வாக்குத்தத்தம் என்று இனி எதுவும் அனுப்ப வேண்டாம் அம்மா" என்று நீ எழுதியதைப் படித்தேன். கோபம் வந்தது. விசுவாசத்தில் வளர்த்த பிள்ளையா இப்படி என்று நினைத்தேன். ஆபிரகாமைப் பார், 75 வயதில் தேவனுடைய வாக்கை நம்பிப் புறப்பட்டவன் 100 வயதில் மகன் ஈசாக்கைக் கண்டான் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நடுவில் இருந்த 25 வருடமும் அவன் மனைவி சாராள் யாரிடம் அழுதாள் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. பொறுக்கமாட்டாமல் தேவனுக்கு ஒத்தாசை செய்யப் போய், பிள்ளைக்காக வேலைக்காரி ஆகாரைப் புருஷனுக்குக் கொடுத்தாளே, அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்து வாக்குத்தத்த வசனம் என்று உனக்காக எடுத்த அட்டை நான் உனக்கு அனுப்பியது அல்ல. தாம்பாளத்தில் முதலில் என் கைக்கு வந்தது 2 கொரிந்தியர் 12:9, "என் கிருபை உனக்குப்போதும்." தன் மாம்சத்தில் குத்திய முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்றுதரம் கேட்டும் எடுக்காமல் ஆண்டவர் சொன்ன பதில் அது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நானே எத்தனை தடவை அதைப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் "போதும்" என் நெஞ்சில் இடித்தது. அட்டையைப் பைபிளுக்குள் செருகினேன். ஆராதனை முடிந்ததும் தாம்பாளத்தை உள்ளே கொண்டுபோய், மிச்சமிருந்தவற்றைப் புரட்டிப் புரட்டி 128-ஆம் சங்கீதத்தைத் தேடி எடுத்தேன். பந்தியைச் சுற்றிலும் பிள்ளைகள் ஒலிவமரக் கன்றுகளைப்போல் இருப்பார்கள் என்ற வசனம். அந்த அட்டைகளைக் கத்தரியால் வெட்டி அடுக்கியவளே நான்தானே, அது உள்ளே இருப்பது எனக்குத் தெரியும்.

நீ அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாய். நான் அப்போதே வாய் திறந்திருக்க வேண்டும். மே மாதம் நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து அந்தக் கதவைத் திறந்திருப்பாயே என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

மக்களே, ஆண்டவர் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று நீ நினைத்திருந்தால், அது அவர் சொன்னதல்ல. உன் அம்மா சொன்னது.

உன் அட்டையை இதற்குள் வைத்திருக்கிறேன். மூலையில் இருப்பது மஞ்சள் கறை, என் விரல்தான். ஒட்ட வேண்டும் என்று சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போ என்றும் சொல்லமாட்டேன். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, நீ போனில் கேட்டுவிடாதே.

மருமகனும் இரவில் நேரத்துக்குச் சாப்பிடட்டும். நல்லமிளகு மழைக்கு ஈரம் இழுத்திருக்கிறது. அங்கே வெயிலுக்குக் குறைவில்லையே, ஒருநாள் காயவைத்துவிட்டு டப்பாவில் போடு.

அம்மா