படம் எடுத்த தங்கைக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று டாக்டர், "இரண்டு கண்ணிலும் விழித்திரைக்கு அடியில் தேங்கிய நீர் முழுதாக வற்றிவிட்டது" என்று சொல்லிவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குள் அழற்சி உண்டாக்கிப் பார்வையை மங்கவைத்த வோக்ட் கொயனாகி ஹராடா என்ற நோயின் பெயரை நம் தெருவில் பாதிப் பேர் என்னைவிட நன்றாக உச்சரிக்கிறீர்கள். ஆகவே நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி, மதுரையில் ஓசிடி என்ற விழித்திரைப் படம் எடுத்த அந்தப் பெண்ணுக்கு. பெயரைப் போட்டால் கூச்சப்படுவாள்.

தாங்கியில் முகவாயை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தெரியும் பச்சை நட்சத்திரத்தையே பார்க்க வேண்டும். எனக்கு எங்கே தெரிந்தது? நடுவில் ஒரு சாம்பல் திட்டு, அவ்வளவுதான். கண் அலைந்தால் படம் கெட்டுப்போகும். வெளியே வரிசை நீண்டு கிடந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. கொஞ்சம் தேவலையாக இருந்த இடது கண்ணுக்கு முன்னால் ஒரு சிறு விளக்கைத் திருப்பி வைத்தாள். "இதைப் பாருங்கள் அக்கா, அந்தக் கண்ணும் கூடவே வந்துவிடும்" என்றாள். வந்தது.

அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசி ஏறிய பிறகு போன அன்று, எழுத்துப் பலகையில் ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியவில்லை. இனி பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்துவது இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அன்று படம் எடுத்து முடித்ததும் அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். "விளக்கம் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் படத்தை மட்டும் பாருங்கள்." மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தேன். பழைய படத்தில் விழித்திரை, ஈரச் சுவரில் சுண்ணாம்பு உப்பியது போல மேடு மேடாகத் தூக்கிக்கொண்டிருந்தது; அடியில் கறுப்பாக நீர். பக்கத்தில் அன்றைய படம். மேடுகள் பாதிக்கு மேல் அமர்ந்திருந்தன. எனக்குத் தெரியாமலேயே என் கண் தேறத் தொடங்கியிருந்தது. இரண்டு படங்களை அருகருகே வைக்க அவளுக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அன்றிரவுதான் தூங்கினேன்.

ஒளியைச் செலுத்தி விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் இந்தக் கருவி 1991இல்தான் வந்ததாம். அதற்கு முன் இந்த நோய் வந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

அதே கருவி என்னைக் கண்டித்தும் வைத்தது. கடைசி வரி வரை படித்துவிட்டு, மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்ட நாளில், விழித்திரைக்கு அடியிலுள்ள கோராய்டு என்ற ரத்தநாளப் படலம் இன்னும் தடித்தே இருப்பதாகப் படம் சொன்னது. அழற்சிக்கு வேரே அங்கேதான். "ஸ்டீராய்டா? உடனே நிறுத்து" என்று வீடு தேடி வந்து சொன்னவர்களே, உங்கள் அக்கறைக்கும் நன்றி. டாக்டர் சொல்லாமல் அரை மாத்திரைகூடக் குறைக்க மாட்டேன். அந்த மாத்திரையால் உப்பிய முகத்தைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.

என் வகுப்புகளைப் பங்கு போட்டுக்கொண்ட ஆசிரியர்கள், உப்புக் குறைத்துச் சமைத்துக் கொடுத்த மதினி, சொட்டு மருந்துக்கு மணி பார்த்து ஓடி வந்த எதிர்வீட்டுப் பையன், விடியற்காலையில் பஸ் ஏற்றிவிட்ட ஆட்டோ அண்ணன், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் பள்ளிக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் சற்றுப் பெரிதாக எழுதிப் பழகட்டும்.