ஒரு செயற்கூறு, இரண்டு மதிப்புகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தாங்கள் மீண்டும் நிரலாக்கம் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் செய்தி மிகுந்த மகிழ்ச்சியளித்தது. நானும் இப்போது புதியவர்களுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுப்பதால், ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளைத் திருப்பியனுப்புவதை எவ்வாறு விளக்குவது என்று தாங்கள் கேட்டிருந்தது எனக்கும் நெருக்கமான கேள்வியே.

பலர், மதிப்பைத் திருப்பியனுப்பும் ரிட்டர்ன் வரிகள் இரண்டை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, இரண்டாவது மதிப்பு ஏன் வரவில்லை என்று விழிக்கிறார்கள். முதல் ரிட்டர்னிலேயே செயற்கூறு முடிந்துவிடுகிறது. ஆனால், 'ஒரே வரியில் காற்புள்ளியிட்டு எழுதுங்கள்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திரும்பி வருவது ஒரே பொருள்தான். இரு மதிப்புகளையும் வரிசையாக உள்ளடக்கிய டியூப்பிள் என்னும் தொகுப்பு அது. பைத்தானிலேயே உள்ள டிவ்மாட் செயற்கூற்றுக்கு 17, 5 ஆகியவற்றைக் கொடுத்து, விடையை முதலில் ஒரே மாறியில் வாங்கி அச்சிடச் சொல்லுங்கள். அடைப்புக்குறிக்குள் 3, 2 என ஈவும் மீதியும் சேர்ந்தே தோன்றும். பிறகு அதையே இரு மாறிகளில் பிரித்து வாங்கச் சொல்லுங்கள். இதைக் கண்ணால் கண்ட மாணவர், மூன்று மதிப்புகள் வரும் இடத்தில் இரண்டு மாறிகளை மட்டும் வைத்து வேல்யூஎரர் என்னும் பிழைச்செய்தியைப் பெறும்போது காரணத்தைத் தாமே கண்டுகொள்வார்.

சி மொழியிலிருந்து வரும் மாணவர்களுக்கு அதன் நூலகத்திலுள்ள டிவ் செயற்கூற்றைக் காட்டலாம். அதுவும் ஈவையும் மீதியையும் பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்சர் என்னும் ஒரே அமைப்பில் வைத்துத்தான் தருகிறது.

எனக்குக் கவலையளிப்பது, பிழைச்செய்தியே வராத தவறு. ஒரு பட்டியலின் சிறுமத்தையும் பெருமத்தையும் தரும் செயற்கூற்றை அழைப்பவர், வாங்கும் மாறிகளை இடம் மாற்றி எழுதிவிட்டால், நிரல் தடையின்றி ஓடும்; விடை மட்டும் தலைகீழாகும். இரண்டு மதிப்புகள் என்றால் இதைப் பிடித்துவிடலாம். நான்கு, ஐந்து என்று பெருகினால் கடினம். ஆகவே மூன்றைத் தாண்டும்போது, ஒவ்வொரு மதிப்பையும் பெயர் சொல்லி எடுக்கும்படி நேம்டு டியூப்பிளையோ, பைத்தான் 3.7 பதிப்பில் வந்த டேட்டாகிளாஸையோ பயன்படுத்தச் சொல்கிறேன். அதற்கும் முன்பாக, அச்செயற்கூறு தொடர்பில்லாத இரு வேலைகளைச் செய்கிறதா என்று பார்க்கப் பழக்குகிறேன். ஈவும் மீதியும் ஒரே வகுத்தலில் பிறப்பவை. மதிப்பெண்களின் சராசரியும் அவற்றைப் படித்த கோப்பின் பெயரும் அப்படியல்ல.

மதிப்பை அச்சிடுவதற்கும் திருப்பியனுப்புவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கள் எந்தப் பயிற்சியைக் கொண்டு விளக்குகிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். என் மாணவர்களுக்கும் அதைக் கொடுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

அன்புடன்,
தங்கள் நண்பன்