பையனிடம் இதை மட்டும் சொல்லிவிடு

அன்புள்ள முத்து,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறேன். நீயும் தங்கச்சியும் சுகம்தானே? பையன் ஏர்போர்ட்டில் ரேம்ப் வேலைக்கு, அதான் நிற்கிற விமானத்தைச் சுற்றி நாம் பார்த்த அதே தரை வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று நீ எழுதியதைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். தங்கச்சி பயப்படுகிறாள் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பயம் தப்பில்லை. விமானம் மேலே போனால்தான் ஆபத்து என்று ஊரில் நினைக்கிறார்கள். விமானம் வந்து நிற்கும் 'பே'யில் நின்று வேலை பார்த்த நமக்குத் தெரியும் தரையில் என்ன இருக்கிறது என்று.

முதலில் இன்ஜின். 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஐதராபாத் கிளம்பிய ஏர் இந்தியா ஏ319 விமானம், வண்டியால் பின்னுக்குத் தள்ளும் புஷ்பேக் நேரம். தரையில் ஆள் இன்னும் விலகவில்லை என்பது காக்பிட்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. நம்மைப் போன்ற ஒரு டெக்னீசியனை இன்ஜின் உள்ளே இழுத்துவிட்டது. அடுத்த வாரமே கொல்கத்தாவில் ஒரு பஸ், நின்றிருந்த ஏடிஆர் விமானத்தின் மேல் போய் மோதியது.

2022 கடைசி நாளில் அமெரிக்காவின் மாண்ட்கோமரியிலும் ஓர் உயிர் இப்படியே போனது. அந்த எம்ப்ரேயர் 175 விமானத்தில் ஏபியு, அதாவது நிற்கும்போது மின்சாரம் தரும் சின்ன இன்ஜின், வேலை செய்யவில்லை. அதனால் பேயில் வந்து நின்ற பிறகும், தரை மின்சாரம் மாட்டும்வரை இன்ஜினை ஓடவிட்டிருந்தார்கள். விமானம் வருவதற்கு முன்பே இன்ஜின் ஓடும், கிட்டே போகாதீர்கள் என்று தரை ஆட்களைக் கூட்டிச் சொல்லியும் இருந்தார்கள். அப்படியும் போய்விட்டது. சொன்னால் மட்டும் போதாது முத்து. விமானத்தின் வயிற்றுப் பக்கம் சிவப்பு பீக்கன் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தால், யார் கூப்பிட்டாலும், எவ்வளவு லேட்டாக இருந்தாலும், கால் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஒரு 737 இன்ஜின் ஐட்லில், அதாவது குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போதே முன்னால் சுமார் 3 மீட்டர் வரை ஆளை இழுக்கும். காதில் ஹெட்செட், பக்கத்து பேயில் இன்னொரு விமானம், இதில் எந்த இன்ஜின் ஓடுகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது இன்னொரு விஷயத்துக்காக. பையன் என்னிடம் போனில் பேசினான். சாமான் ஏற்றும் பெல்ட் லோடர் வண்டி விமானத்தில் லேசாக உரசியதாம். "யாரும் பார்க்கலை, விடு" என்று கூட இருந்தவர் சொன்னாராம். பையன் விடவில்லை, இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான். அதற்கு அவனுக்குக் கிடைத்தது திட்டு, அப்புறம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ. கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

2005 டிசம்பர் 26 அன்று சியாட்டிலில் ஒரு வண்டி அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்டி-83 மேல் உரசியது. ஓட்டியவர் யாரிடமும் சொல்லவில்லை. தகட்டில் விழுந்தது வெறும் ஒரு மடிப்புதான். விமானம் பர்பாங்குக்குக் கிளம்பி, சுமார் 26,000 அடியில் கேபின் அழுத்தம் ஏறிய நிலையில் அந்த இடம் பிளந்துகொண்டது. ஏறக்குறைய ஓர் அடி நீளம், அரை அடி அகலத்துக்கு ஓட்டை. உள்ளே 140 பேருக்கு மேல். ஆக்சிஜன் மாஸ்க் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, சியாட்டிலுக்கே பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். தரையில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அந்த விமானம் அன்று கிளம்பியே இருக்காது.

அதுவாவது அலுமினியம். அடி வாங்கினால் பாத்திரம் மாதிரி நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். இப்போது 787, ஏ350 எல்லாம் கார்பன் ஃபைபர் உடம்பு. வெளியே கீறல்கூடச் சரியாகத் தெரியாமல் உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கலாம். மோதிய ஆள் சொன்னால்தான் எங்கே பரிசோதிப்பது என்றே இன்ஜினியருக்குத் தெரியும். அப்படிச் சொன்னவனுக்கு மெமோ கொடுத்தால், அந்த ஷிப்டில் இருக்கிற எல்லோருக்கும் வாயை மூடிக்கொள் என்று பாடம் எடுத்த மாதிரிதானே? 25 நிமிடத்தில் விமானத்தைத் திருப்பி அனுப்பு என்று விரட்டுவதும் அந்த மேலதிகாரிகள்தான், உரசினால் பையன் மேல் பாய்வதும் அவர்கள்தான்.

அவன் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நீ அப்பா, உன் வாயால் அவனிடம் சொல். மெமோவுக்குப் பதில் எழுதும்போது நேரம், பே எண், உரசிய இடம், கூப்பிட்ட இன்ஜினியர் என்ன பார்த்தார் என்பதை மட்டும் எழுதட்டும். மன்னிப்பு என்று ஒரு வரிகூட வேண்டாம். ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளட்டும். அனுப்புவதற்கு முன் எனக்கு வாட்ஸ்அப்பில் போடச் சொல், நானும் பார்க்கிறேன்.

லீவு கிடைத்தால் இரண்டு நாள் இங்கே வரட்டும். புஷ்பேக்குக்கு முன் நோஸ் கியரில், அதான் முன் சக்கரத்தில், அது தானாகத் திரும்பாமல் இருக்கப் போடும் பைபாஸ் பின் போட்டிருக்கிறதா என்று தானே கையால் தொட்டுப் பார்க்கிறானா என்று கேட்க வேண்டும். அது இல்லாமல், விமானத்தைத் தள்ள மாட்டும் டோ-பார் கம்பி வீசினால் கால் எலும்பு என்ன ஆகும் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சேகர்