இன்று குடித்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள்

சிங்கப்பூர் மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம். மழை நாளொன்றில் என் அப்பா எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் பலத்த அடி. “இன்று குடித்திருக்கிறாரா?” என்று மருத்துவமனையில் கேட்டார்கள். “இல்லை” என்றேன். அது உண்மைதான். முப்பது ஆண்டுகளாக இரவுதோறும் குடித்தவர் என்பதை யாரும் கேட்கவில்லை. அடுத்த படுக்கையருகே எங்களுக்குத் தெரிந்த குடும்பம் நின்றதால் நானும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் கை நடுங்க, போர்வையில் எறும்பு ஊர்வதாகச் சொல்லி, இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். தலைக்காயத்தின் விளைவு என்றே எல்லாரும் நினைத்தோம். சித்தப்பா ஒரு தாதியைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்ன பிறகே தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் குடி நிறுத்தத்திற்கான மருந்தும் தொடங்கின.

அதன் பிறகு நான் படித்தறிந்தவை உங்களுக்குப் புதியவை அல்ல. என்னைப் போன்ற குடும்பத்தாருக்குத்தான் புதியவை. உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. தலையில் அடிபட்டதும் நரம்பணுக்களிலிருந்து, அவற்றைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட் பெருமளவில் வெளிப்பட்டு, பொட்டாசியம் வெளியேறி, கால்சியம் உள்ளே புகுகிறது. குலைந்த சமநிலையை மீட்க நரம்பணுக்கள் குளுக்கோஸை வேகமாகச் செலவிடுகின்றன. பிறகு அந்த வேகம் அடங்கி, நாள்கணக்கில் ஆற்றல் உற்பத்தி தாழ்ந்து கிடக்கிறது.

நெடுநாள் குடித்தவரின் மூளையோ ஏற்கெனவே குளுக்கோஸைக் குறைவாகப் பயன்படுத்தி, மதுவிலிருந்து உடலில் உண்டாகும் அசிடேட்டை எரிபொருளாகக் கொள்ளப் பழகியிருக்கிறது. குளுக்கோஸிலிருந்து ஆற்றலெடுக்கும் முக்கிய நொதிகளுக்குத் தயமின் வேண்டும். சரியாகச் சாப்பிடாததாலும் குடல் உறிஞ்சும் திறன் குன்றுவதாலும் குடிப்பவர்களிடம் அது பலவேளைகளில் குறைந்திருக்கும். 1881இல் கார்ல் வெர்னிக்கி விவரித்த மூளை நோய் இந்தக் குறைபாட்டால் வருவது. குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு என்ற அதன் அறிகுறிகளைத் தலைக்காயத்தின் அறிகுறிகளாகவே எண்ணிவிட முடியும். இதோடு, நெடுநாள் குடியால் குளுட்டமேட் ஏற்பிகள் (அதன் தூண்டலை வாங்கும் இடங்கள்) பெருகிய மூளையில், குடி திடீரென நின்றதும் தூண்டல் கட்டுமீறுகிறது. அப்பா போர்வையில் எறும்பு பொறுக்கியது அதனால்தான் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

ஆகவே, எத்தனை ஆண்டுகளாக, நாளுக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் உறவினர் கூட்டத்திலிருந்து தள்ளி, தேவைப்பட்டால் தமிழில் கேளுங்கள். “மருந்தை முடிவு செய்வதற்காகவே கேட்கிறோம்” என்று முதலில் ஒரு வரி சொல்லிவிட்டால், கூச்சத்தால் அடைபட்ட பல வாய்கள் திறக்கும். ஊழியர் தங்கும் விடுதியிலிருந்து அழைத்து வரப்படுபவருக்குக் கூச்சத்தைவிட வேலை போய்விடுமோ என்ற அச்சமே பெரிது; துணைக்கு வந்த மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது அவர் உண்மை சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. அவரிடம், இந்தப் பதில் முதலாளியிடம் போகுமா போகாதா என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வீடு திரும்பும்போது தரும் தலைக்காயக் குறிப்புத் தாளின் தமிழ்ப் பதிப்பிலும் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். நெடுநாள் குடியால் மூளை சுருங்கியவருக்கு மண்டையோட்டுக்குள் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தும் தலைவலியாகவோ தடுமாற்றமாகவோ வெளிப்படலாம் என்றும், அப்போது அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழைக்க வேண்டும் என்றும், குடிக்கும் பழக்கமுள்ளவர் வீட்டில் தானாகத் திடீரென நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கட்டும்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு மகள்