பிளஸ் டூவுக்குப் பிறகு டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்கு யார் வழி சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் நீங்கள் வெளியிடும் உயர்கல்வி வழிகாட்டி இணைப்பை எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோரும் வாங்கிப் படிக்கிறோம். கட்-ஆஃப் எப்படிப் போடுவது, எந்தக் கலந்தாய்வு எப்போது, கல்விக் கடனுக்கு யாரைப் பார்ப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் சிரமம்), டிஸ்கிராபியா (எழுதுவதில் சிரமம்), டிஸ்கால்குலியா (எண்களில் சிரமம்) உள்ள பிள்ளைகளுக்கென்று அதில் ஒரு பத்திகூட நான் பார்த்ததில்லை. இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்கிற சிறப்பு ஆசிரியர் என்பதால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனாலும் வெட்டாமல் போடுங்கள்.

முதலில் ஒன்று. இவர்களுக்கு அறிவில் குறை கிடையாது. பாடத்தை வாயால் கேட்டால் விளக்கமாகச் சொல்கிற பையன், அதையே தாளில் எழுதச் சொன்னால் எழுத்துப் பிழையும் அடித்தல் திருத்தலுமாகப் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுவான். பொதுத்தேர்வில் இவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் என்று சலுகைகள் உண்டு. சும்மா வந்தவை இல்லை இவை, பெற்றோர்களும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளும் பல வருடம் விடாமல் கேட்டதன் பலன். சரி, இந்தச் சலுகைகளை வைத்துப் பையன் பாஸ் பண்ணிவிட்டான். அப்புறம்? அங்கேதான் எல்லோரும் கையை விரிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரை 'எப்படியாவது பாஸ் பண்ணினால் போதும்' என்று இருந்த வீடு, பிளஸ் டூ முடிந்ததும் 'எந்தக் கல்லூரியில் சீட் கிடைக்கிறதோ அங்கே போடலாம்' என்று முடித்துக்கொள்கிறது. இவனுக்கு எது வரும், எதில் இவன் தினமும் அவஸ்தைப்படாமல் படிப்பான் என்று உட்கார்ந்து பேச யாரும் இல்லை.

உண்மையில் தப்பு நடப்பது கல்லூரியில் சேரும்போது இல்லை, பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. நம் பள்ளிகளில் குரூப்பை முடிவு செய்வது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு மார்க்தான். மார்க் குறைவா, காமர்ஸ் எடு, அதைவிடக் குறைவா, வரலாறு எடு. டிஸ்கால்குலியா உள்ள ஒரு பெண்ணைக் காமர்ஸில் கொண்டுபோய்ப் போட்டால் கணக்குப்பதிவியலில் பற்று, வரவு என்று பக்கம் பக்கமாக எண்களை நெடுக்கில் எழுதிக் கூட்டித்தான் ஆக வேண்டும், அவளுக்குக் கஷ்டமே அதுதானே! டிஸ்லெக்ஸியா உள்ள பையனை வரலாற்றில் போட்டால் வாசிப்பதும் நெடிய விடை எழுதுவதுமே முழு நேர வேலை. அதே பையனுக்கு இயற்பியல் செய்முறை நன்றாக வரலாம், கம்ப்யூட்டர் வரலாம், ஆனால் அந்தக் குரூப்புக்கு மார்க் போதாது என்று கதவை மூடிவிடுகிறோம். சுலபமான குரூப் என்று நாம் நினைத்துக் கொடுப்பது அந்தக் குறிப்பிட்ட பிள்ளைக்கு ஆகக் கடினமானதாக இருக்கிறது. அவன் எதில் சிரமப்படுகிறான், வாசிப்பிலா, எழுத்திலா, எண்களிலா, கவனத்திலா என்று உளவியலாளர் தரும் சோதனை அறிக்கையில் தெளிவாக எழுதியிருக்கும். அந்த அறிக்கையைச் சலுகை வாங்கப் பயன்படுத்துகிறோமே தவிர, குரூப் தேர்ந்தெடுக்கும் மேசையில் யாரும் விரித்து வைப்பதில்லை.

பிளஸ் ஒன் தவிர வேறு வழியே இல்லை என்றும் இல்லை. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போகலாம், மூன்று வருட டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கைவேலையில் ஆர்வம் இருந்தால் ஐ.டி.ஐ. இருக்கிறது. வரைகிற பிள்ளைக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ்., பாடங்களைத் தேர்ந்தெடுக்க நிறைய இடம் கொடுக்கிறது. ஆனால் இங்கேயும் கவனம் தேவை. 'பாலிடெக்னிக் போ, அங்கே எல்லாம் செய்முறைதான்' என்று அனுப்பிவிடுகிறார்கள், முதல் வருடமே பொறியியல் கணிதம் காத்திருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் சுலபம் என்று ஐந்து பாடத்தை எடுத்து முடித்த பிறகு, அவன் ஆசைப்படும் படிப்புக்கு அதில் இல்லாத ஒரு பாடம் கட்டாயம் என்று தெரிந்தால் என்ன செய்வது? முதலில் போக வேண்டிய இடத்தை யோசித்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இதைச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும்.

இன்னொரு விஷயம், பெற்றோர் பலருக்கு இது பேரிடியாக இறங்குகிறது. பள்ளியில் மொழிப்பாட விலக்கு வாங்கிய பிள்ளை கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்ததும் பகுதி ஒன்றில் தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி இரண்டில் ஆங்கிலம் என்று பெரும்பாலான பி.ஏ., பி.எஸ்சி. படிப்புகளில் நான்கு செமஸ்டருக்கு மொழித்தாள்கள் வரும். முக்கியப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டே மொழித்தாளில் அரியர் சேர்த்து, கடைசியில் டிகிரி கைக்கு வராமல் நிற்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். விலக்கோ மாற்று ஏற்பாடோ உண்டா என்று சேர்வதற்கு முன்பே கல்லூரியிலும், அது எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறதோ அங்கேயும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி ஃபீஸ் கட்டாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் நம் ஊரில் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் டிஸ்லெக்ஸியா போன்றவை அடங்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடும்' ஒன்று. குறைபாட்டின் அளவு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் இருந்தால் அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இட ஒதுக்கீட்டில் வரலாம், சேர்வதற்கான வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. நடுவில் ஒரு வருடம் விட்டுப்போன பிள்ளைகளுக்கு இந்தத் தளர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்று பெற்றோருக்குத்தான் தெரியும். அரசு வேலையிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து 1 சதவீதம் இருக்கிறது. 40-க்குக் கீழே வந்தால் ஒன்றுமே இல்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள். எழுதுவதில் சிரமம் இருந்தால் 40 சதவீதம் இல்லாவிட்டாலும் சொல்வதை எழுதுபவரைக் கேட்கலாம் என்று 2021 பிப்ரவரியில் யு.பி.எஸ்.சி. தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதன்படி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறையும் வெளியிட்டது. அதே 2021-இல் நீட் எழுதப் போன டிஸ்கிராபியா மாணவி ஒருவரிடம் கூடுதல் நேரம் தராமல் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்ட வழக்கிலும், அந்த ஒரு மணி நேரம் அவருக்குச் சேர வேண்டிய உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. சொன்னாலும் மறுதேர்வு கிடைக்கவில்லை. அதனால்தான் தேர்வு அறைக்குள் போய்ச் சண்டை போடும் நிலை வராமல், விண்ணப்பத்திலேயே எல்லாம் சரியாகக் குறிப்பிட்டு, அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளப் பிள்ளையைத் தயார்படுத்த வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு சிக்கல். 2018-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைப்படி 8 வயதுக்குப் பிறகு முதல் சான்றிதழ், 14 வயதில் மறுபடி, 18 வயதில் மறுபடி. 18-இல் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும். நல்லதுதான், ஆனால் அந்த 18 வயது சரியாகக் கல்லூரி சேர்க்கை நேரத்தில் வந்து நிற்கிறது. உளவியலாளர் சோதனை ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை, பெரிய ஆஸ்பத்திரிகளில் முறை வரக் காத்திருக்க வேண்டும், அதற்குள் கலந்தாய்வுத் தேதி போய்விடும். பிளஸ் டூ காலாண்டு முடிந்ததுமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ரிசல்ட் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது வேறொன்று. பள்ளியில் இந்தப் பிள்ளைக்காக எல்லா இடத்திலும் பேசியது அம்மா. தலைமை ஆசிரியரிடம் அம்மா, ஆஸ்பத்திரியில் அம்மா, தேர்வு மையத்தில் அம்மா. கல்லூரியில் அம்மாவை வகுப்பு வாசல்வரைகூட விடமாட்டார்கள். 'சார், எனக்கு டிஸ்லெக்ஸியா இருக்கிறது, போர்டில் எழுதுவதைப் பார்த்து எழுத நேரமாகும், போட்டோ எடுத்துக்கொள்ளலாமா' என்று அந்தப் பையன் தன் வாயால் கேட்கப் பழக வேண்டும். நிறைய பேர் கேலிக்குப் பயந்து கல்லூரியில் சொல்லவே மாட்டார்கள், சொல்லாததால் எந்த உதவியும் கிடைக்காது, முதல் செமஸ்டரிலேயே நாலு அரியர் விழுந்து, 'நமக்குப் படிப்பு வராது' என்று நின்றுவிடுவார்கள். தன் பிரச்சினையைத் தானே நாலு வாக்கியத்தில் சொல்லும் பயிற்சியை ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால்தான் பதினேழு வயதில் அது இயல்பாக வரும்.

தமிழக அரசு 2022-இல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது, உயர்கல்விக்கு வழிகாட்டும் 'கல்லூரிக் கனவு' முகாம்கள் மாவட்டம்தோறும் நடக்கின்றன, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வழிகாட்டல் என்பது நல்ல ஏற்பாடு. அந்த முகாம்களில் கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கென்று ஒரு மேசை போட்டு, சிறப்புப் பயிற்றுநர் ஒருவரையும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து ஒருவரையும் உட்கார வைத்தால் போதும், பெரிய செலவு இல்லை. தனியார் பள்ளிகளுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். இந்த வருட இணைப்பில் இவர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதை மே மாதம் வரை தள்ளாமல், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் குரூப் யோசிக்கும் ஜனவரியிலேயே போடுங்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கிற கல்லூரி முதல்வர்களும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களும், சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழித்தாள் ஆகிய மூன்றிலும் தங்கள் கல்லூரியின் விதி என்ன என்று உங்கள் பத்திரிகைக்கே எழுதி அனுப்பினால், அதை வெட்டி எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பு ஆசிரியர்,
திருநெல்வேலி.